ஏழு வயசுக்காரர்களுக்கு கேத்தரின் ஜான்சன் கதையை எப்படிச் சொல்வது?

கொத்துமல்லிக்கட்டு | ஞாயிறு, இரவு 9:40

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இருப்பது அமெரிக்காவில், வர்ஜீனியா மாநிலத்தில், ஹாம்டன் என்ற ஊருக்குப் பக்கத்தில். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் கடைசி அரைமணி நேரம் கதை சொல்வது என் வேலை. பதினான்கு பிள்ளைகள். சின்னவனுக்கு 7 வயது, மூத்தவளுக்கு 12. தெனாலிராமன் தீர்ந்துவிட்டான், மரியாதைராமனும் தீர்ந்துவிட்டான். கைவசம் சரக்கு இல்லை.

பிப்ரவரி இங்கே கறுப்பின மக்களின் வரலாற்றுக்கென்று ஒதுக்கிய மாதம். பள்ளியில் ஆளுக்கொரு தாள் கொடுத்திருக்கிறார்கள். ஒரு பெண்ணின் முகம், வண்ணம் தீட்டுவதற்கு. கீழே பெயர், பிறந்த தேதி, 'முதல் கறுப்பினப் பெண்' என்று தொடங்கும் ஒரு வரி. இன்று வகுப்பில் "கேத்தரின் ஜான்சன் யார்?" என்று கேட்டேன். ஒன்பது வயசுப் பெண் ஒருத்தி பளிச்சென்று "முதல் கறுப்பினப் பெண்" என்றாள். "எதில் முதல்?" என்றேன். முழித்தாள். பக்கத்திலிருந்தவன் "எல்லாத்துலயும்" என்று எடுத்துக் கொடுத்தான்.

இத்தனைக்கும் விண்கலங்களுக்குக் கணக்குப் போட்ட கேத்தரின் வேலை பார்த்த நாசாவின் லாங்லி ஆய்வுக்கூடம் எங்கள் வகுப்பிலிருந்து காரில் இருபது நிமிடம். அந்தப் பிள்ளைகளில் இரண்டு பேரின் அப்பாக்கள் அந்தப் பக்கம்தான் தினமும் போய் வருகிறார்கள்.

இந்த மாதம் இன்னும் மூன்று ஞாயிறு இருக்கிறது. அறிவியலிலும் தொழில்நுட்பத்திலும் வேலை செய்த கறுப்பினப் பெண்களைப் பற்றித் தமிழில் சொல்லலாம் என்று நினைக்கிறேன். யாரைச் சொல்வது, எங்கே தொடங்குவது, நிறவெறியை ஏழு வயசுக்கு எவ்வளவு சொல்வது? உங்கள் யோசனைகள் வேண்டும்.

கணக்கு வாத்தியார் | ஞாயிறு, இரவு 10:25

அம்மா, கேத்தரினை எண்ணிக்கையிலிருந்து தொடங்குங்கள். அந்தக் குழந்தை கண்ணில் பட்டதையெல்லாம் எண்ணுமாம். தெருவுக்குப் போக எத்தனை அடி, தேவாலயத்துக்கு எத்தனை படி, கழுவி வைத்த தட்டு எத்தனை, கரண்டி எத்தனை. உங்கள் வகுப்பில் எண்ணாத குழந்தை உண்டா? அங்கே பிடித்துவிடுவார்கள்.

அடுத்து அவர் போட்ட கணக்கு. பலர் 'ராக்கெட் கணக்கு' என்று பெரிய வார்த்தை சொல்லி விட்டுவிடுகிறார்கள். விஷயம் எளிது. விண்கலம் கடலில் இன்ன இடத்தில் இறங்க வேண்டும், அங்கே கப்பல் காத்திருக்கும். அப்படியானால் எந்த நேரத்தில், எந்தத் திசையில் கிளப்ப வேண்டும்? முடிவிலிருந்து தொடக்கத்துக்குப் பின்னோக்கிப் போகிற கணக்கு. 1960-இல் இதைப் பற்றித்தான் அவரும் இன்னொரு பொறியாளரும் சேர்ந்து அறிக்கை எழுதினார்கள். அவர் வேலை பார்த்த பிரிவில் ஒரு பெண்ணின் பெயர் ஆசிரியராக அச்சானது அதுதான் முதல் தடவை. குழந்தைகளிடம் இப்படிக் கேளுங்கள்: "எட்டரைக்குப் பள்ளியில் இருக்கணும். பஸ் இருபது நிமிஷம். சாப்பிடப் பத்து நிமிஷம். ஷூ தேட அஞ்சு நிமிஷம். எத்தனை மணிக்கு எழுந்திருக்கணும்?" போட்டுவிட்டார்கள் என்றால், "இதைத்தான் அந்த அம்மா விண்வெளிக்குப் போட்டார்" என்று சொல்லுங்கள்.

1962-இல் ஜான் கிளென் பூமியைச் சுற்றப் போகும் முன், மின்னணுக் கணினி தந்த எண்களைக் கேத்தரினையே சரிபார்க்கச் சொல்லுங்கள் என்று கேட்டது எல்லோருக்கும் தெரிந்த கதை. இவர்களைப் பற்றிய 'ஹிடன் ஃபிகர்ஸ்' திரைப்படத்தில் அதை நிமிடக் கணக்கில் முடித்துவிட்டார்கள். உண்மையில் மேசைக் கணக்கு இயந்திரத்தை வைத்துக்கொண்டு ஒன்றரை நாள் உட்கார்ந்து போட்டார். அந்த ஒன்றரை நாளைச் சொல்லாமல் விடாதீர்கள். என் நாற்பது வருட அனுபவத்தில், கணக்கு பட்டென்று வர வேண்டும் என்று நினைத்த பிள்ளைகள்தான் கணக்கை விட்டு ஓடின.

நிறப் பாகுபாட்டை மட்டும் இந்த வயசில் லேசாகத் தொட்டுவிட்டுப் போங்கள். குழந்தைகள் பயந்துவிடும்.

நூலகப்பூனை | திங்கள், காலை 7:05

மதுரையில் பள்ளி நூலகம் பார்க்கிறேன். 'முதல்' என்பதை நானும் வெறுக்கிறேன். அது விளையாட்டுப் போட்டி மாதிரி ஆகிவிடுகிறது. முதலில் வந்தாள், கோப்பை வாங்கினாள், முடிந்தது.

என் கையிருப்பில் எப்போதும் ஜெயிக்கும் கதை ரேய் மாண்டேக். அவர் பெயர் அதிகம் பேருக்குத் தெரியாது. ஆர்கன்சா மாநிலம், லிட்டில் ராக் ஊர். ஏழு வயசில் தாத்தா அவரைப் போரில் பிடிபட்ட ஒரு நீர்மூழ்கியைக் காட்டக் கூட்டிப் போகிறார். உள்ளே இறங்கிப் பார்த்தால் சுவரெல்லாம் முள்ளும் விசையும். பெரிஸ்கோப் வழியே எட்டிப் பார்க்கிறாள். சுற்றிக் காட்டியவரிடம் "இதைச் செய்ய என்ன படிக்கணும்?" என்று கேட்கிறாள். "இன்ஜினியராகணும். ஆனா அந்தக் கவலை உனக்கு வேண்டாம்" என்கிறார் அவர். தான் அவமானப்படுத்தப்பட்டதே அந்தக் குழந்தைக்குப் புரியவில்லை.

அந்த மாநிலத்தின் பெரிய பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கக் கறுப்பின மாணவர்களைச் சேர்க்க மாட்டார்கள். வணிகம் படித்துவிட்டு 1956-இல் மேரிலாந்தில் கடற்படை ஆய்வுக்கூடத்தில் தட்டச்சராகச் சேர்ந்தார். அவர் மேசைக்குப் பக்கத்தில் யூனிவாக் கணினி. பொறியாளர்கள் அதை இயக்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒருநாள் அவர்கள் எல்லோருமே உடம்பு சரியில்லை என்று வரவில்லை. இவரே இயக்கிவிட்டார்.

பிறகு ராத்திரி வேலைக்கு வரச் சொன்னார்கள். அந்த நேரத்தில் பேருந்து கிடையாது. 1949 மாடல் போன்டியாக் கார் ஒன்றை வாங்கினார். ஓட்டத் தெரியாது! நள்ளிரவு வேலைக்கு ராத்திரி பத்து மணிக்கே கிளம்பி, தெருவில் ஊர்ந்து ஊர்ந்து போயே கற்றுக்கொண்டார். இந்த இடத்தில் நான் ஸ்டியரிங் பிடிக்கிற மாதிரி நடிப்பேன், பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

கணினியைக் கொண்டு கப்பல் வடிவமைக்கும் வேலை கைக்கு வந்தபோது இன்னொரு தடை: ராத்திரியில் தனியாக உட்காரக் கூடாது என்றார் மேலதிகாரி. சரி என்று அம்மாவையும் மூன்று வயசு மகனையும் அலுவலகத்துக்கே கூட்டி வந்துவிட்டார். 1971-இல் ஒரு போர்க்கப்பலின் முதல் வரைவைக் கணினியில் போட்டுத் தரக் கடற்படை கேட்டது. அவகாசம் ஒரு மாதம். அவர் எடுத்துக்கொண்டது 18 மணி 26 நிமிடம்.

அந்த 26 நிமிடத்தை மறக்காமல் சொல்லுங்கள். பிள்ளைகளுக்குப் பிடிப்பதே அதுதான்.

ஃபார்வர்டு மாமா | திங்கள், காலை 8:30

இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், நேற்று குடும்பக் குழுவில் வந்தது: போனில் யார் அழைக்கிறார் என்று காட்டும் வசதியைக் கண்டுபிடித்தவர் ஷெர்லி ஆன் ஜாக்சன் என்ற கறுப்பினப் பெண். ஜிபிஎஸ்ஸைக் கண்டுபிடித்தவர் கிளாடிஸ் வெஸ்ட். தொழுநோயை ஒழித்தவர் ஆலிஸ் பால். பெருமையாக இருக்கிறது.

செமிகோலன் | திங்கள், காலை 9:12

மாமா, மூன்றுமே பாதி.

ஷெர்லி ஆன் ஜாக்சன் பெரிய ஆள். 1973-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் (எம்ஐடி) முனைவர் பட்டம், அங்கே அதை வாங்கிய முதல் கறுப்பினப் பெண் (மன்னிக்கணும் பூனை அக்கா). பிறகு அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைவர், ஒரு பல்கலைக்கழகத்தின் தலைவர். ஆனால் பெல் ஆய்வுக்கூடத்தில் அவர் செய்தது பொருள்களின் கோட்பாட்டு இயற்பியல். போனில் எண் காட்டும் வசதியை அவர் கண்டுபிடிக்கவில்லை. இது இணையத்தில் பல வருஷமாகச் சுற்றுகிற வதந்தி.

பிள்ளைகளிடம் பொய் சொன்னால் என்ன ஆகும் தெரியுமா? பன்னிரண்டு வயசில் ஒருத்தி தேடிப் பார்ப்பாள். ஒன்று பொய் என்று தெரிந்ததும் மற்ற உண்மைகளையும் குப்பையில் போட்டுவிடுவாள். இவர்களுக்குப் பொய்க் கிரீடம் தேவையே இல்லை.

ஃபார்வர்டு மாமா | திங்கள், காலை 9:20

சரி தம்பி. குழுவிலும் திருத்திப் போட்டுவிடுகிறேன். யாரும் படிக்கப் போவதில்லை.

பனிக்கால யாழ் | திங்கள், மாலை 6:50

டொரண்டோவில் இருந்து. கிளாடிஸ் வெஸ்ட் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் இதில் எங்களுக்கு ஒரு சொந்தம் இருக்கிறது.

அவர் வர்ஜீனியாவின் கிராமப்புறத்தில் 1930-இல் பிறந்தவர். வயலில் பருத்தி பறித்து வளர்ந்த பிள்ளை. வகுப்பில் முதல் இரண்டு இடத்தில் வருபவர்களுக்கு அரசுக் கல்லூரியில் படிக்க உதவித்தொகை என்று கேள்விப்பட்டு, வயலில் இருந்து தப்ப இதுதான் வழி என்று முதலிடம் பிடித்தார். 1956-இல் டால்கிரன் கடற்படைத் தளத்தில் கணக்குப் போடுபவராகச் சேர்ந்து 42 வருடம் இருந்தார்.

அவருடைய வேலை பூமியின் உருவத்தைக் கணக்கிடுவது. பூமி வழவழப்பான பந்து இல்லை. உள்ளே பாறை எல்லா இடத்திலும் ஒரே கனம் இல்லை, ஆகவே ஈர்ப்பும் ஒரே மாதிரி இல்லை, ஆகவே கடலின் மட்டமும் மேடு பள்ளமாக இருக்கிறது. செயற்கைக்கோளில் இருந்து கடலுக்கு ரேடார் அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தைக் கொண்டு அந்த மேடு பள்ளத்தை அளந்தார்கள். அந்த அளவுகளைக் கொண்டு பூமியின் உருவத்தைத் துல்லியமாகக் கணக்கிட நிரல் எழுதியவர்களில் அவர் முக்கியமானவர். ஜிபிஎஸ்ஸைப் பலர் சேர்ந்து உருவாக்கினார்கள். பூமியின் சரியான உருவம் தெரியாமல் அது உங்கள் வீட்டு வாசலைச் சொல்லாது. பிள்ளைகளுக்கு இவ்வளவும் விளங்கும்.

சொந்தம் எங்கே என்றால், இந்த மேடு பள்ளத்தில் உலகத்திலேயே ஆழமான பள்ளம் இலங்கைக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தில்தான் இருக்கிறது. வழவழப்பான பூமி என்று வைத்துப் போட்ட கணக்கோடு ஒப்பிட்டால், அங்கே கடல்மட்டம் 100 மீட்டருக்கும் அதிகமாகத் தாழ்ந்திருக்கிறது. கப்பலில் போனால் தெரியாது. நான் என் மகளுக்கு உருளைக்கிழங்கில் படம் கீறிக் காட்டினேன். "அப்ப அம்மம்மா வீடு பள்ளத்துக்குப் பக்கத்திலயா?" என்று கேட்டாள்.

இன்னொரு விஷயம். வெஸ்ட் அம்மையார் கார் ஓட்டும்போது தனக்குக் காகித வரைபடம்தான் பிடிக்கும் என்று சொல்லியிருக்கிறார். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லாமல் இருக்கவே முடியாது.

வாத்தியார் ஐயாவுடன் ஒரு இடத்தில் மட்டும் ஒத்துப்போக முடியவில்லை. பாகுபாட்டை லேசாகத் தொட்டுவிட்டுப் போனால் கதையே விளங்காது. கேத்தரின் குடும்பம் ஏன் ஊர் விட்டு ஊர் போனது? அவர்கள் ஊரில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் இல்லை. அப்பா குடும்பத்தைக் கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர் தள்ளி இருந்த ஊரில் குடியமர்த்தினார். இதைச் சொல்லாவிட்டால் அது வெறும் வீடு மாறின கதை. பெரியவர்கள் சொல்லாமல் விட்டதை நாங்கள் சின்ன வயதில் எப்படியும் கண்டுபிடித்தோம். தனியாகக் கண்டுபிடித்ததுதான் பயமாக இருந்தது.

கணக்கு வாத்தியார் | திங்கள், இரவு 9:00

நியாயமான பேச்சு. ஆனால் ஏழு வயசுக் குழந்தையிடம் அடிமை வணிகம், தூக்கிலிட்டது எல்லாம் எப்படிச் சொல்வது? அதைத்தான் யோசித்தேன். எங்கள் காலத்துப் புத்தகங்களில் நீக்ரோக்கள் என்று ஒரு பாரா இருக்கும், அதோடு சரி.

நூலகப்பூனை | திங்கள், இரவு 9:15

ஐயா, அந்தச் சொல்லை இப்போது யாரும் எழுதுவதில்லை, அவர்கள் மனம் புண்படும். கறுப்பினத்தவர், ஆப்பிரிக்க அமெரிக்கர் என்று சொல்லலாம்.

கணக்கு வாத்தியார் | திங்கள், இரவு 9:18

நல்லது. திருத்திக்கொண்டேன். கருப்பா, கறுப்பா?

செமிகோலன் | திங்கள், இரவு 9:19

ஐயா, அந்த விவாதத்துக்கு இந்தத் தளத்தில் ஏற்கெனவே பதினோரு பக்கத்தில் ஓர் இழை ஓடுகிறது. இங்கே வேண்டாம்.

கொத்துமல்லிக்கட்டு | செவ்வாய், இரவு 10:10

எல்லோருக்கும் நன்றி. எவ்வளவு சொல்வது என்ற கேள்விக்கு எனக்கு ஒரு வழி தென்படுகிறது. லாங்லி சாப்பாட்டுக்கூடத்தில் நடந்த சமாச்சாரம்.

1940-களில் போருக்காக ஆள் தேவைப்பட்டு, கறுப்பினப் பெண்களையும் கணக்குப் போடும் வேலைக்கு எடுத்தார்கள். அந்த வேலைக்குப் பெயரே 'கம்ப்யூட்டர்'. இயந்திரத்துக்கு முன்னால் அது ஆளைக் குறித்த சொல். அவர்களைத் தனிக் கட்டடத்தில், மேற்குப் பகுதியில் உட்கார வைத்தார்கள். சாப்பாட்டுக்கூடத்தில் கடைசி மேசை அவர்களுக்கு. மேசைமேல் 'நிறத்தவரான கம்ப்யூட்டர்கள்' என்று ஓர் அட்டை. மிரியம் மேன் என்பவர் ஒருநாள் அந்த அட்டையை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டார். சில நாளில் புது அட்டை வந்தது. அதையும் எடுத்தார். மறுபடி வந்தது. மறுபடி எடுத்தார். ஒருநாள் அட்டை வருவது நின்றுபோனது.

ஏழு வயசுக்கு இது போதும் என்று தோன்றுகிறது. "இந்த மேசையில்தான் உட்காரணும்" என்றால் என்ன என்று எந்தக் குழந்தைக்கும் தெரியும். கொடுமையை ஒளிக்கவும் இல்லை, ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கவும் இல்லை. அந்த 2016 ஹாலிவுட் படத்தில் வெள்ளைக்கார மேலதிகாரி கடப்பாரையால் கழிப்பறைப் பலகையை உடைப்பார், ஞாபகம் இருக்கிறதா? அப்படி எதுவும் நடக்கவில்லை. நடந்தது இந்தக் கைப்பைதான். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

ஆனால் எனக்கு வேறொரு சிக்கல் இருக்கிறது, அதைத்தான் முதல் பதிவில் எழுதத் தயங்கினேன். தமிழில் 'கறுப்பினப் பெண்' என்று சொன்னதும் வகுப்பில் இரண்டு பேர் சிரித்தார்கள். ஒரு பையன் பக்கத்துப் பெண்ணைப் பார்த்து "நீதான்" என்றான். அவள் மாநிறத்துக்கும் சற்றுக் குறைவு. ஆங்கிலத்தில் அதே சொல்லைக் கேட்டால் இவர்கள் சிரிப்பதில்லை. தமிழில் மட்டும் சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். என் மகள் பிறந்தபோது சொந்தத்தில் ஒருவர் தொட்டிலை எட்டிப் பார்த்துவிட்டு "அடடா, கறுப்பி" என்றுதான் முதல் வார்த்தை சொன்னார். கொஞ்சிச் சொன்னதாம்.

பனிக்கால யாழ் | செவ்வாய், இரவு 10:45

அக்கா, எங்கள் வீட்டிலும் அதே கதைதான். குங்குமப்பூ, முகத்துக்குப் பூசும் களிம்பு, எல்லாம் நடந்தது. அந்தச் சிரிப்பைக் கடந்து போய்விடாதீர்கள். அங்கேயே நிறுத்திக் கதையுங்கள். அமெரிக்காவில் மேசையில் அட்டை வைத்தார்கள், நாங்கள் வாயில் வைத்திருக்கிறோம்.

நூலகப்பூனை | புதன், காலை 6:55

நான் ஒருமுறை இதற்குச் செய்தது: கதை சொல்லும்போது முதலில் இனத்தைச் சொல்லவில்லை. ரேய், ஏழு வயசு, தாத்தா, நீர்மூழ்கி. "அந்தக் கவலை உனக்கு வேண்டாம்" என்று அவர் சொன்ன இடத்தில் நிறுத்தி, "ஏன் அப்படிச் சொன்னார்?" என்று கேட்டேன். "சின்னப் பொண்ணு", "பொண்ணு", "ஏழையா இருக்கும்" என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். கடைசி வரிசையில் ஒரு பெண் மெதுவாக, "கறுப்பா இருந்திருப்பா மிஸ்" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. அப்புறம் அரைமணி நேரம் நான் பேசவே இல்லை, அவர்கள்தான் பேசினார்கள்.

மருந்துப்பெட்டி | புதன், மதியம் 1:30

இழையைத் தாமதமாகப் பார்த்தேன். சித்த மருந்து தயாரிப்பு பாடம் எடுக்கிறேன். ஆலிஸ் பால் பெயரை மாமா எடுத்தார், யாரும் தொடரவில்லை.

நம் ஊரில் நீரடிமுத்து தெரியுமா? மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் மரம், மலையாளத்தில் மரோட்டி. விதையின் எண்ணெயைத் தொழுநோய்க்கும் தோல் நோய்களுக்கும் காலங்காலமாகக் கொடுத்திருக்கிறார்கள். இதன் நெருங்கிய சொந்தம்தான் பர்மா பக்கம் வளரும் சால்முக்ரா. அந்த எண்ணெய் மேல்நாடுகளுக்கும் போனது. சிக்கல் என்னவென்றால், குடித்தால் குமட்டும், வாந்தி வரும். ஊசியாகப் போட்டால் பிசுபிசுப்பான எண்ணெய் உடம்பில் கலக்காமல் தோலுக்கடியில் கட்டி கட்டியாக நிற்கும்.

ஹவாயில் அப்போது தொழுநோயாளிகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து மொலகாய் தீவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அங்கே கல்லூரியில் வேதியியல் முதுகலை முடித்துவிட்டுப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவர் ஆலிஸ் பால். ஒரு மருத்துவர் இந்தச் சிக்கலை அவரிடம் கொண்டு வந்தார். எண்ணெயிலுள்ள கொழுப்பு அமிலங்களைப் பிரித்து எத்தில் எஸ்டர் என்ற வேறொரு வேதிப்பொருளாக மாற்றினார் ஆலிஸ். ஊசி வழியே செலுத்தினால் உடம்பு ஏற்றுக்கொண்டது. அப்போது அவருக்கு 23 வயசு. 1916 டிசம்பர் 31 அன்று 24 வயசில் இறந்துபோனார், ஆராய்ச்சியை அச்சிடாமலே.

கல்லூரித் தலைவர் ஆர்தர் டீன் அந்த வேலையைத் தொடர்ந்தார், தன் பெயரில் வெளியிட்டார். 'டீன் முறை' என்று பேர் வந்துவிட்டது. 1922-இல் அதே மருத்துவர் தன் கட்டுரையில் இதைப் 'பால் முறை' என்று குறிப்பிட்டு யாருடையது என்று எழுதினார். இருந்தும் 2000-இல்தான் பல்கலைக்கழகம் வளாகத்துச் சால்முக்ரா மரத்தடியில் அவர் பெயரைப் பதித்தது.

நோயை அவர் ஒழிக்கவில்லை. 1940-களில் சல்போன் மருந்துகள் வரும்வரை கையில் இருந்ததில் நல்ல சிகிச்சை அதுதான். இந்த வேறுபாட்டையும் சொல்லுங்கள். பிள்ளைகளுக்குப் பெயர் திருட்டு நன்றாகப் புரியும். "என் டிராயிங்ல அவன் பேர் எழுதிட்டான்" என்று தினமும் ஒரு வழக்கு வருமே.

செமிகோலன் | புதன், இரவு 11:20

மருந்துப்பெட்டி சார், பிரமாதம்.

பெரிய பிள்ளைகளுக்கு ஒன்று. ஜாய் புவலம்வினி, கானா நாட்டுப் பெற்றோருக்குக் கனடாவில் பிறந்தவர். எம்ஐடியில் ஒரு வேலைக்காக முகம் கண்டறியும் மென்பொருளைப் பயன்படுத்தினார். அதற்கு அவர் முகமே தெரியவில்லை. வெள்ளை முகமூடி ஒன்றை மாட்டிக்கொண்டார், உடனே தெரிந்தது. விடாமல் பிடித்துக்கொண்டு, 2018-இல் டிம்னிட் கெப்ரு என்பவரோடு சேர்ந்து பெரிய நிறுவனங்களின் மென்பொருள்களைச் சோதித்தார். முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்வதில், வெளிர்நிற ஆண்களுக்கு அதிகபட்சம் 0.8 சதவீதம்தான் தவறு. கருநிறப் பெண்களுக்கு 34.7 சதவீதம் வரை. கணினிக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த படங்களில் யார் முகம் அதிகம் இருந்ததோ அவர்களைத்தான் அதற்கு நன்றாகத் தெரியும்.

கொத்துமல்லி அக்கா, உங்கள் வகுப்பில் "நீதான்" என்ற பையனுக்கு இதை முதலில் சொல்லுங்கள். அந்த மென்பொருள் அவனையும் தடுமாறித்தான் பார்த்திருக்கும்.

இன்னொன்று, உங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு வாசல் மணியில் கேமரா இருக்குமே? நியூயார்க்கில் குவீன்ஸ் பகுதியில் மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்ற நர்ஸ், எலக்ட்ரானிக்ஸ் தெரிந்த கணவரோடு சேர்ந்து 1966-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1969-இல் கிடைத்தது. நேரங்கெட்ட நேரத்தில் வீட்டில் தனியாக இருப்பார், போலீஸை அழைத்தால் மெதுவாக வரும். அதனால் கதவில் வெவ்வேறு உயரத்தில் ஓட்டைகள், மேலும் கீழும் நகரும் கேமரா, உள்ளே டிவி, பூட்டைத் திறக்க ஒரு பொத்தான். உயரமான ஆளுக்கு ஓர் ஓட்டை, குழந்தைக்கு ஓர் ஓட்டை!

கொத்துமல்லிக்கட்டு | ஞாயிறு, இரவு 8:15

இன்று நடந்ததைச் சொல்கிறேன்.

ரேய் மாண்டேக்கும் அட்டையும் மட்டும்தான் சொல்ல முடிந்தது. பூனை சொன்ன மாதிரி நீர்மூழ்கியில் நிறுத்தினேன். எங்கள் வகுப்பில் ஒருவன், "அவரே ஃபெயிலானவரா இருப்பார், அதான்" என்றான். சரியான இடத்துக்கு வந்து சேர இருபது நிமிடம் ஆனது. சிரிப்பைப் பற்றியும் பேசினேன். போன வாரம் "நீதான்" என்றவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனை நான் எதுவும் கேட்கவில்லை. அவள்தான் போகும்போது அவனிடம், "நான் கார் ஓட்டும்போது உன்னை ஏத்த மாட்டேன்" என்றாள். தீர்ப்பு அவளுடையது.

வாத்தியார் ஐயாவின் பஸ் கணக்கையும் கொடுத்தேன். ஒரு பெண் விடை 6:30 என்றாள். ஷூ தேட ஒன்றரை மணி நேரம் போட்டிருந்தாள். உண்மை நிலவரமாம்.

அடுத்த வாரம் மேரி ஜாக்சன். எங்கள் ஊர்க்காரர். லாங்லியில் ஒலியைவிட இரண்டு மடங்கு வேகத்தில் காற்று வீசும் சுரங்கத்தில் வேலை பார்த்தார். பொறியாளராகத் தேவைப்பட்ட மாலை வகுப்பு வெள்ளையர்களுக்கான உயர்நிலைப் பள்ளியில் நடந்தது. நகர நிர்வாகத்திடம் மனுக் கொடுத்து அனுமதி வாங்கி உள்ளே போனார். போய்ப் பார்த்தால் அதுவும் பழைய கட்டடம்தான், இதற்கா இவ்வளவு பாடு என்று ஆகிவிட்டதாம். 1958-இல் பொறியாளரானார். 70-களில் இதே ஹாம்டனில் கிங் தெரு சமூகக் கூடத்தில் அறிவியல் குழுப் பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு காற்றுச் சுரங்கம் கட்டினார். நாங்களும் கட்டப் போகிறோம். அட்டைப்பெட்டி, மேசை விசிறி, காற்றை நேராக்க உறிஞ்சுகுழல்கள் கட்டு. காகிதச் சிறகை நூலில் தொங்கவிட்டு எது மேலே எழும்புகிறது என்று பார்க்கப் போகிறோம்.

கடைசி ஞாயிறு ஆலிஸ் பால். மருந்துப்பெட்டி சார், என் மாமியார் அடுத்த வாரம் ஊரிலிருந்து வருகிறார். நாட்டு மருந்துக் கடையில் நீரடிமுத்து விதை வாங்கி அவரிடம் கொடுத்துவிடச் சொல்லலாமா? பிள்ளைகள் கையில் கொடுத்துக் காட்டலாம் என்று ஆசை.

மருந்துப்பெட்டி | திங்கள், காலை 6:40

வேண்டாம் அம்மா. விதை என்று சொன்னாலே விமான நிலையத்தில் பிடித்துவைத்துவிடுவார்கள், உங்கள் மாமியார் மூன்று மணி நேரம் பதில் சொல்லிக்கொண்டிருப்பார். அது வாயில் வைக்கக் கூடாத விதையும்கூட, ஏழு வயசுக்காரன் கையில் கொடுக்காதீர்கள். எங்கள் தோட்டத்தில் ஒரு மரம் நிற்கிறது. காயை உடைத்து, விதையைப் பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசோடு வைத்துப் படம் எடுத்து இன்று மாலை அனுப்புகிறேன்.

ஃபார்வர்டு மாமா | திங்கள், காலை 7:02

எனக்கும் அனுப்புங்கள் சார். இது உண்மைதானே, குழுவில் போடலாமா?